நாலு தேசிக்காய்

"ஏழுக்கு நாலு காணும் அப்பம்மா. பாதி மிஞ்சும்."

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக நிற்கிற பிள்ளை கணக்குச் சொல்கிறாள். பன்னிரண்டு வயது இருக்கும். கடைக்கார அம்மா நீட்டிய கூடைக்குள் கையை விட்டு, தோல் தடிக்காத, மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய தேசிக்காயாகப் பார்த்துப் பொறுக்குகிறாள். அப்பம்மா ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, மடிந்து கிடந்த நோட்டை நீவிக் கொடுக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். பழுப்பு நூல் சேலை. நெற்றியில் திருநீறு மட்டும்.

தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில் வாசல். செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குக் கொஞ்சம் இருக்கிறது. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை வரை இராகு காலம். நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாத அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் எங்கள் பெண்கள் துர்க்கைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். காங்கேசன்துறை வீதியால் வந்த பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. கைகளில் செவ்வரத்தம்பூ, கற்பூரம், சின்னப் போத்தலில் நெய். பிள்ளைக்குக் கலியாணம் சரிவரவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. விசாவுக்காக வருகிறவர்கள் உண்டு. நான் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத் தூணொன்றில் சாய்ந்து இருப்பேன். கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

அப்பம்மாவும் பேத்தியும் தூணுக்கு அந்தப் பக்கம் வந்து இருக்கிறார்கள். அப்பம்மா கால்களை நீட்டி, முழங்காலை இரண்டு தரம் தடவி, பிறகு மடக்கிக்கொள்கிறார். பிள்ளை தேசிக்காய்களைச் சரி பாதியாக வெட்டுகிறாள். சாற்றைக் கிண்ணமொன்றில் பிழிகிறாள். பிறகு கஷ்டமான வேலை: தோல் கிழியாமல் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்ட வேண்டும். முதலாவதே கிழியப் பார்க்கிறது.

"பெருவிரலாலை அமத்தாதை. ஓரத்தைப் பிடிச்சு மெல்லமாத் திருப்பு."

இரண்டாவது சரியாக வருகிறது. பச்சைக் கிண்ணம்போல இருந்தது வெள்ளை அகலாக மாறுகிறது. ஏழும் வரிசையாக வாழையிலைத் துண்டில் உட்காருகின்றன. எட்டாவது பாதி, புரட்டாமல், ஒரு பக்கமாகக் கிடக்கிறது.

"அப்பம்மா."

"ம்."

"ஏனணை ஏழு? நீங்கள் ஆறு பேர்தானே திரும்பி வந்தனியள்?"

"போகேக்கை ஏழு பேர்."

"திரும்பி வந்தால்தானே நேர்த்தி?"

அப்பம்மா பஞ்சை உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுகிறார். அவசரமில்லாத கை.

"ஏழெண்டு சொல்லித்தான் நேர்ந்தனான், பிள்ளை. அவவின்ரை கணக்கிலை ஏழுதான் இருக்கும்."

மூலஸ்தானப் பக்கம் முகத்தை ஒரு தரம் திருப்பி, திரும்பவும் திரிக்கு வந்துவிடுகிறார். 'அவ' என்றது யாரை என்று பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போகேக்கை என்று அவர் சொன்னது எந்தப் போக்கை என்றும் எனக்குத் தெரியும். எங்கள் வயதுக்காரருக்கு அதற்கு வருடம் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30. சூரியக்கதிர் என்று பெயர் வைத்து இராணுவம் வலிகாமத்துக்குள் இறங்கி இரண்டு கிழமை. அன்று பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஊரூராக ஓடின: எல்லோரும் தென்மராட்சிக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அறிவித்தல். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஓர் இரவில் ஒரு பாதைக்குள் வந்து விழுந்தது. நாவற்குழிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் ஒடுங்கிய வீதி, மேலே மழை. சைக்கிளில் போனால் சில நிமிடங்களில் முடிகிற தூரத்துக்கு ஓர் இரவு முழுவதும் எடுத்தது. காலைத் தூக்கினால் திரும்ப வைக்க நிலம் இல்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. சைக்கிள் கரியரில் உரப்பை. அதற்கு மேலே ஒரு சொப்பின் பை. அதற்குள்தான் காணி உறுதியும் எங்கள் எல்லோருடைய பிறப்புப் பத்திரங்களும். காணிப் பத்திரத்துக்கு எங்கள் ஊரில் உறுதி என்றுதான் பெயர். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் உறுதியை மழையில் நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிவர உப்புத் தண்ணீர். குடையை மல்லாத்திப் பிடித்து மழையை ஏந்திக் குழந்தைகளுக்குப் பருக்கிய தாய்மாரைப் பார்த்தேன்.

பார்த்ததைவிடக் கேட்டதுதான் கூட. இருட்டு, விமானத்துக்குப் பயந்து வெளிச்சம் ஏற்றுவாரில்லை. அந்த இருட்டுக்குள் சாமிகளின் பெயர்கள். என்ரை அம்மாளாச்சி. நல்லூரானே. மாதாவே. பிள்ளையாரப்பா. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஊர்க் கோயிலைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது; ஊரின் தெய்வங்கள் மட்டும் கூட நடந்தன. அதிசயம் செய்து காட்டு என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விமானத்தை விழுத்து என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வீட்டுக்குத் திரும்பி வந்தால் உனக்கு இன்னது செய்வேன்.

வேண்டுதல் வேறு, நேர்த்தி வேறு. வேண்டுதலில் கேட்பதோடு காரியம் முடிகிறது. நேர்த்தியில் கடன் எழுதப்படுகிறது. கடன் தீர்க்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அதே கோயிலுக்குத் திரும்பி வர வேண்டும். அந்தப் பாலத்தில் நின்ற தாய்மார் படிப்பாளிகள் அல்ல. ஆனாலும் நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத இரவில், பத்து வருடம் கழித்துச் செய்ய வேண்டிய வேலையொன்றைத் தங்கள் தலையில் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். என் அம்மாவும் அன்றிரவு என் பெயரில் ஒன்று வைத்தார். இந்தக் கோயில் வீதியில் பிரதட்டை. வைத்தது அவர், உருண்டது நான். மணல் சுட்ட தழும்பு முழங்கையில் கன நாள் இருந்தது. அவர் பின்னாலேயே அடி அழித்துக்கொண்டு வந்தார். கும்பிட்டு விழுந்து எழும்பி, மூன்றடி வைத்து, திரும்ப விழுந்து. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அந்த வெட்கத்தை நினைக்கத்தான் மனம் நோகிறது.

புயலில் தப்பிய போர்த்துக்கேய மாலுமிகள் நேர்த்தியாகக் கட்டியதுதான் வேளாங்கண்ணி மாதா கோயில் என்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். கரையில் கால் வைத்ததும் கடனைத் தீர்த்துவிட்டார்கள், கொடுத்து வைத்தவர்கள். எங்கள் கரை எது என்பதே எங்களுக்கு முப்பது வருடமாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய்யனாவேன். அதே 1995இல், ஜூலை 9ஆம் திகதி, நவாலி சென்ற் பீற்றர்ஸ் தேவாலயத்துக்குள் ஓடியவர்களும் நம்பித்தான் ஓடினார்கள். விமானம் போட்ட குண்டில் அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் கும்பிட்டது குறைவு, நாங்கள் கும்பிட்டது கூட என்று யாராவது சொன்னால் அந்த வாயை நான் பார்க்க விரும்பவில்லை. தப்பியவன் தன் தப்பலைத் தன் பக்திக்கு எழுதிக்கொள்ளக் கூடாது. தூணின் அந்தப் பக்கம் இருக்கிற அப்பம்மா எழுதிக்கொள்ளவில்லை. ஏழுக்கு ஏழு விளக்கு வைக்கிறார்.

"சின்னப்பாவுக்கு என்ன வருத்தம் வந்தது?"

"வயித்தோட்டம். மிருசுவிலிலை. ஒரு கொட்டிலுக்கை நாலு குடும்பம். தண்ணி சரியில்லை."

"அப்ப அவருக்கு எத்தினை வயது?"

"ஒன்பது."

பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறாள். தன்னிலும் மூன்று வயது குறைந்த ஒருவரைத்தான் தான் பிறந்த நாள் முதல் சின்னப்பா என்று மரியாதையாகச் சொல்லி வருகிறாள் என்பது இப்போதுதான் அவளுக்குத் தட்டியிருக்க வேண்டும். கையில் இருந்த திரியை ஐந்தாவது விளக்கில் வைக்கிறாள். பிறகு எடுத்து, நேராக்கி, திரும்ப வைக்கிறாள்.

ரயில் கூவுகிறது. தெல்லிப்பழை ஸ்ரேசனைத் தாண்டி வடக்கே போகிறது. 1990இல் நின்ற ரயில், 2015 ஜனவரியில் திரும்பக் காங்கேசன்துறை மட்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகிப் போயின. இரும்புப் பாதைக்கே ஊர் திரும்ப இருபத்தைந்து வருடம் பிடித்தது. மண்டபத்தில் யாரும் அந்தச் சத்தத்துக்குத் தலை தூக்கவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தரமும் காது கொடுக்கிறேன்.

துர்க்காபுரம் மகளிர் இல்லத்துப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். சின்னவர்கள் முன்னுக்கு, பெரியவர்கள் பின்னுக்கு. தாய் தகப்பன் இல்லாதவர்களும், இருந்தும் வளர்க்க வழியில்லாதவர்களும். சந்நிதிக்கு நேரே நின்று தேவாரம் தொடங்குகிறார்கள். முதல் குரல் கொஞ்சம் தடுமாறுகிறது. இரண்டாவது அடியில் எல்லாக் குரலும் சேர்ந்து சரி செய்துவிடுகின்றன. இந்த இல்லத்தைத் தொடங்கியவர் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. 1925இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்து ரீச்சர். 1977இல் இந்தக் கோயிலின் தலைமைக்கு வந்தார். கோயில் காசு கோபுரத்துக்கு மட்டும் இல்லை, பசித்த பிள்ளைக்கும்தான் என்று செய்து காட்டியவர். அவர் பேச்சுக்குச் சனம் கட்டுப்பட்டு இருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 2008 ஜூனில் அவர் கண்ணை மூடியபோது போர் முடிந்திருக்கவில்லை. திரும்பிப் போக வீடு என்று ஒன்று இல்லாத பிள்ளைகளுக்கு அவர் இங்கேயே ஒரு வீட்டை வைத்துவிட்டுப் போனார். நம்பிக்கையைப் பற்றி யாராவது என்னிடம் பெரிதாகப் பேசினால் இந்த வரிசைதான் என் கண்ணுக்குள் வரும்.

தேவாரம் முடிகிற நேரம் இரண்டு பெண்கள் மண்டபத்துக்குள் வருகிறார்கள். ஒருத்திக்கு நாற்பதுக்கு மேல். தலையைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறாள். துணிக்குக் கீழே புருவம் இல்லை. மற்றவள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள், தங்கையாக இருக்க வேண்டும். தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் இருந்து நடந்து வந்திருப்பார்கள். 2011இல் தெற்குக் கரையில் இருந்து பருத்தித்துறை மட்டும் ஆட்கள் கால்நடையாக நடந்து சேர்த்த காசில் அங்கே புற்றுநோய்க்கென்று கட்டடம் எழும்பி, 2013இல் திறந்தது. வடக்கின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் அதற்கு ஆட்கள் வருகிறார்கள். பின்னேரத்தில் கொஞ்சம் நடக்கலாம் என்று சொன்னால் நடந்து வருகிற இடம் இந்தக் கோயில்தான்.

அப்பம்மா தன் பையை நகர்த்தி இடம் விடுகிறார்.

"இருங்கோ பிள்ளை. எவடம்?"

"புதுக்குடியிருப்பு, அம்மா."

"ஆசுப்பத்திரியிலையோ?"

"ஓம். ஆறாவது ஊசி முடிஞ்சுது. வீட்டை போகத் துண்டு வெட்டுவினமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"வெட்டுவினம், வெட்டுவினம்."

"பிள்ளையள் அங்கை தனிய. அதுதான்."

தங்கை சொல்கிறாள்: "அக்கா பயப்பிடுறா அம்மா."

"பயமில்லை," என்கிறாள் துணி கட்டியவள். "ரண்டாயிரத்து ஒன்பதிலை அதுக்குள்ளாலை வந்தனான். கைப்பிள்ளையோடை. அதுக்குப் பிறகு எனக்கு என்ன பயம். வீட்டை போகோணும், அவ்வளவுதான்."

எதற்குள்ளால் என்று அவள் சொல்லவில்லை. அப்பம்மா கேட்கவும் இல்லை. புதுக்குடியிருப்புக்காரி 2009 என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் கேட்கிற ஆள் இந்த மண்டபத்தில் இல்லை. சிறிது நேரம் இரண்டு பேரும் சந்நிதியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஐயர் திரையை இழுத்து மூடுகிறார், உள்ளே அபிஷேகம்.

"நீங்கள் எவடம் அம்மா?"

"வசாவிளான்." அந்தப் பெயரைச் சொல்லும்போது அப்பம்மாவின் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. "தொண்ணூறு ஆனியிலை வெளிக்கிட்டனாங்கள். பிறகு மல்லாகம், சுன்னாகம். பிறகு தென்மராட்சி. தொண்ணூற்றாறு சித்திரையிலை திரும்பி வந்தும் முகாமிலைதான். எங்கடை வளவுக்கை ஆமி."

"இப்ப விட்டாச்சோ?"

"விட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினனாங்கள்."

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. முப்பது வருடக் கடன் ஏன் இன்றைக்குத் தீர்கிறது என்று அதுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1996 ஏப்ரலில் வலிகாமத்துக்குச் சனம் திரும்பியபோதே என் அம்மாவைப் போலப் பலர் நேர்த்தியை முடித்துவிட்டார்கள். ஊர் எல்லைக்குள் கால் வைத்ததை வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொண்டார்கள். இவர் எடுக்கவில்லை. வலிகாமம் வடக்கின் சனம் கோணப்புலம் முகாமிலும் சபாபதிப்பிள்ளை முகாமிலும் கிடுகுக் கொட்டிலுக்குள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கலியாணமும் செய்து வைத்தார்கள். சொந்த வளவு மூன்று நாலு மைலில். நடுவில் முள்ளுக்கம்பி. இந்த மனுசி அத்தனை வருடமும் செவ்வாய்க்கிழமைகளில் இந்தக் கோயிலுக்கு வந்திருப்பார், வாசலில் தேசிக்காய் விற்பதையும் பார்த்திருப்பார். வாங்கவில்லை. இன்னும் வந்து சேரவில்லை என்பது அவர் கணக்கு. சலுகை கேட்காத கணக்கு.

"வீடு இருந்ததோ அம்மா?"

"எங்கையன் வீடு. நிலைக் கதவு இல்லை, ஓடு இல்லை. சாமியறைக்குள்ளை ஆல் ஒண்டு நிண்டுது, ரண்டாளாலை கட்டிப் பிடிக்கேலாது. கண்ணிவெடி எடுக்கிற ஹலோ ட்ரஸ்ட் பிள்ளையள் சிவப்புப் பலகையைக் கழற்றினாப் பிறகு போய்ப் பாத்தால் எது ஆற்றை வளவெண்டே தெரியேல்லை. எல்லாம் ஒரே பத்தை. கிணறுதான் காட்டித் தந்தது."

"கிணறோ?"

"கட்டிலை ஒரு கால் அடையாளம். கட்டேக்கை சீமெந்து காயமுந்தி அவன் ஏறி மிதிச்சுப் போட்டான். அடி வாங்கினவன் அதுக்கு." கையால் ஒரு சாண் அளவு காட்டுகிறார். "இவ்வளவு கால்."

பிள்ளை அந்தச் சாண் அளவைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். செம்பாட்டு மண்ணும் பத்தையும் மூடிக் கிடந்த வளவில், முப்பத்தைந்து வருடமாக மிதித்தபடியே நின்ற ஒரு கால்.

திரை விலகுகிறது. மணி. எல்லோரும் எழும்புகிறார்கள். அப்பம்மா தூணைப் பிடித்து எழும்புகிறார். துணி கட்டியவளும் அதே தூணைப் பிடிக்கிறாள். செவ்வரத்தை மாலைக்குள் அம்மன் முகம். தீபம் ஏறி இறங்குகிறது. அப்பம்மா தலைக்கு மேல் கை குவிக்கவில்லை, கண்ணீர் விடவில்லை. கடைக்குப் போய்க் கொப்பியைக் காட்டி நிலுவையைக் கட்டுகிறவரைப் போல நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பிறகு விளக்கு. வாழையிலையோடு கொண்டுபோய் வைக்கிறார்கள். பிள்ளை நெய் வார்க்கிறாள், சொட்டுச் சொட்டாக, ஏழுக்கும் ஒரே அளவு. அப்பம்மா நெருப்புக்குச்சி தட்டுகிறார். முதல் குச்சி காற்றில் அணைகிறது. இரண்டாவதில் பற்றுகிறது. ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றை ஏற்றும்போதும் வாய்க்குள் ஒரு பெயர். மாமியின் பெயராக இருக்கும், புருசனின் பெயராக இருக்கும், எனக்குக் கேட்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்றும் தெரியாது. ஏழாவதுக்கு வரும்போது குச்சியைப் பேத்தியிடம் கொடுக்கிறார்.

"நீ வை."

பிள்ளை வைக்கிறாள். அது பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. திரி நெய்யில் தோய்ந்துவிட்டது. உள்ளங்கையைச் சுற்றிப் பிடிக்கிறாள். பிடிக்கிறது.

நெய்யும் தேசித்தோலும் சேர்ந்து கருகுகிற வாசம் மண்டபம் முழுவதும் பரவுகிறது. துணி கட்டியவள் கைகளைக் குவித்தபடி அந்த ஏழையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொண்டு வந்து வைக்க அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆசுப்பத்திரியில் இருந்து வந்தவள், தேசிக்காய் வாங்க எங்கே நினைத்திருப்பாள்.

அப்பம்மா குனிந்து, பைக்குள் தடவி, மிஞ்சிய எட்டாவது பாதியை எடுக்கிறார். பெருவிரலால் அமத்தாமல், ஓரத்தைப் பிடித்து, மெல்லத் திருப்புகிறார். கிழியவில்லை. போத்தலின் அடியில் கிடந்த நெய்யைச் சரித்து ஊற்றுகிறார். சேலைத் தலைப்பின் ஓரத்தில் இருந்து ஒரு நூலை இழுத்து, முறுக்கி, திரியாக வைக்கிறார். பிறகு அதைத் துணி கட்டியவளின் கையில் வைக்கிறார்.

"எத்தினை பேர்?" என்கிறார்.

"நாலு பேர் அம்மா. நானும் பிள்ளையள் மூண்டும்."

"அப்ப இப்ப இதை வை. துண்டு வெட்டி வீட்டை போய்ச் சேந்தாப் பிறகு வந்து நாலு வை."

அவள் தலையாட்டுகிறாள். பிள்ளை நெருப்புப் பெட்டியை நீட்டுகிறாள்.